‘கை வந்துடுச்சா?’ என்று கேட்பவர்களுக்கு

அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: “கை வந்துடுச்சா?” பெரம்பூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்பாவைத் தெரியும். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் எல்லோரும் முதலில் கையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். “வந்துடுச்சு, நல்லா தூக்குறாரு” என்று அம்மா சொல்வார். அப்பா வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்து மூடிக் காட்டுவார். வந்தவர்களுக்கு நிம்மதி, காபி குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் அந்தக் கை மடிக்குப் போய்விடும், அப்புறம் ராத்திரி படுக்கும்வரை அங்கேயேதான் கிடக்கும்.

இதை நான் கவனிக்கவே நாலு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து, கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிற நேரத்தில் இதைப் படிக்கிறவர்கள் அந்த நாலு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வந்தது ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை பிரஷ் கிடந்த இடத்துக்குப் போகவே இல்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. உடனே 108க்குப் போன் செய்தோம். அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், நாங்கள் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு, அதனால் உடம்பில் வலது பக்கம் பாதிப்பு. கால் சீக்கிரம் தேறியது, மூன்றாவது வாரமே பிடித்துக்கொண்டு நடந்தார். பேச்சில் இருந்த குழறலும் போய்விட்டது. கைதான் மெதுவாக வந்தது.

வாரத்துக்கு 3 நாள் பிசியோதெரபி. கூம்புகளை அடுக்குவார், சின்ன மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார். ஃபுகல்-மேயர் என்று ஒரு பரிசோதனை, 1975இல் சுவீடனில் உருவானது, அதில் கைக்கு மட்டும் 66 மதிப்பெண். அப்பாவுக்கு ஏப்ரலில் 47, மே மாதம் 53. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதே வாரம் ஒரு சாயங்காலம். அப்பா ஹாலில் அவருடைய வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லைட் சுவிட்ச் அவருடைய வலது தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி, சுவரில். இருட்டிவிட்டது. அப்பா நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் ஊன்றி எழுந்தார், சுவரைப் பார்த்து முழுசாகத் திரும்பினார், இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி சுவிட்சைப் போட்டார், மறுபடி திரும்பி மெல்ல உட்கார்ந்தார். வலது கை இத்தனை நேரமும் வயிற்றோடு ஒட்டியபடியே இருந்தது. 66க்கு 53 வாங்கிய கை, உட்கார்ந்தபடியே எட்டுகிற தூரத்தில் இருந்த சுவிட்சைத் தொடவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிசியோவிடம் சொன்னேன். அவர் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவரை, வீட்டுக்கு அனுப்பினார், அந்தத் துறையில் எல்லோரும் ஓ.டி. என்றுதான் சொல்கிறார்கள். சின்னப் பெண். வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது: “அப்பாவால என்ன பண்ண முடியும்னு அங்க பாத்திருக்காங்க. அப்பா வீட்ல என்ன பண்றாருன்னு இன்னும் யாரும் பாக்கலம்மா. ரெண்டும் வேற வேற.”

அதற்கென்று ஒரு கேள்விப் பட்டியலே இருக்கிறது. மோட்டார் ஆக்டிவிட்டி லாக் என்று பெயர், அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் எட்வர்ட் டௌப் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. 30 அன்றாட வேலைகள். லைட் போடுவது, ஃபிரிட்ஜ் திறப்பது, குழாயைத் திருகுவது, கை துடைப்பது, சாவியால் பூட்டைத் திறப்பது, சட்டைப் பட்டன் போடுவது, எழுதுவது, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும், போன ஒரு வாரத்தில் பாதித்த கையால் அதை எவ்வளவு செய்தீர்கள் என்று ஒரு மதிப்பெண், எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்று இன்னொன்று. இரண்டுமே 0 முதல் 5 வரை. வாதம் வருவதற்கு முன்னால் செய்ததுபோலவே என்றால் 5, முன்பு செய்ததில் பாதி என்றால் 3, அந்தக் கையை உபயோகிக்கவே இல்லை என்றால் 0. அரை மார்க்கும் உண்டு.

இந்த டௌப் குரங்குகளோடு செய்த பழைய ஆராய்ச்சியை அந்தப் பெண் அப்பாவிடமே சொன்னார். ஒரு கையிலிருந்து மூளைக்குப் போகிற உணர்ச்சி நரம்பை மட்டும் வெட்டினார்கள், அசைக்கிற நரம்பு நன்றாகவே இருந்தது. ஆனாலும் குரங்கு அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டது. நல்ல கையைச் சில நாள் கட்டிப்போட்டதும் விட்ட கையை உபயோகிக்க ஆரம்பித்தது. அதாவது, ஆரம்ப வாரங்களில் கை நிஜமாகவே வராது. டம்ளரை எடுத்தால் கொட்டும், பேனா நழுவும், ஒவ்வொரு தடவையும் தோல்வி. நல்ல கையால் செய்தால் வேலை சட்டென்று முடியும். மூளை இதைப் பாடமாகப் படித்துக்கொள்கிறது. பிறகு கையில் பலம் திரும்பினாலும் படித்த பாடம் அழியாது, கை சும்மா இருக்கப் பழகிவிட்டது. அப்பா கேட்டுவிட்டு, “மெஷின் சரியாயிடுச்சு, ஆபரேட்டர்தான் இன்னும் ஷிஃப்டுக்கு வரல” என்றார். அதுதான் சரியான விளக்கம்.

முதல் நாள் அந்தக் கேள்விகளைக் கேட்டபோது நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் நடக்கும்.

“லைட் சுவிட்சை வலது கையால போடுவீங்களாப்பா?” என்று நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன். “போடுவேன்மா” என்றார் அப்பா. “நல்லா போடுவாரு” என்றார் அம்மா. ஓ.டி. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “நேத்து சாயங்காலம் இந்த ஹால் லைட்டைப் போட்டது யாரு?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நான்தான்” என்றார் அம்மா. “முந்தாநாளு?” “அன்னிக்கும் நான்தான் கண்ணு, அவரு ஏன் எழுந்திரிக்கணும்னு…”

அப்பா பொய் சொல்லவில்லை. ‘போடுவேன்’ என்றால் தமிழில் தினமும் போடுகிறேன் என்றும் ஆகும், போடச் சொன்னால் போட முடியும் என்றும் ஆகும். ‘செய்வீர்களா’ என்று கேட்டால் ‘செய்வேன்’ என்றுதான் பதில் வரும், அதிலும் பெற்ற பிள்ளைகளிடம் எந்த அப்பாவும் முடியாது என்று ஒத்துக்கொள்ள மாட்டார். நடந்து முடிந்ததைக் கேட்க வேண்டும், நாளும் நேரமும் சொல்லிக் கேட்க வேண்டும். “இன்னிக்குக் காலையில சட்டை போட்டீங்களே, மேல் பட்டனை எந்தக் கை போட்டுச்சு?” இப்படிக் கேட்டால் கண்ணை மூடி யோசித்துவிட்டு உண்மையைச் சொல்கிறார். நான் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் இதுதான். அம்மாவிடம் தனியாக, அப்பா இல்லாத இடத்தில், அதே கேள்விகளைக் கேட்டதில் இன்னும் கொஞ்சம் தெளிவு கிடைத்தது. வாதத்தால் பேச்சே பாதிக்கப்பட்டவர்கள் என்றால் கேள்வியை நம்பவே முடியாது, கூட இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்க் போடுவதில் இன்னொரு நுணுக்கம். அப்பா சாக்ஸ் போடுகிறவரே இல்லை, அந்தக் கேள்வியை ஓ.டி. கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். ஆனால் ‘வேறொருவர் செய்து கொடுத்துவிட்டார்’ என்றால் அது எடுத்துவிடுகிற கேள்வி இல்லை, அதற்கு 0. சட்டைப் பட்டன் 0, அம்மா போட்டுவிட்டார். டவலால் கை துடைப்பது 0, அம்மா துடைத்துவிட்டார். குழாய் 0, பாத்ரூமில் பக்கெட்டை நிரப்பி வைத்துவிடுகிறோம். இப்படி வரிசையாக முட்டைகளைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. “எல்லாம் பாசத்துலதானே பண்ணேன்” என்று சமையல்கட்டுக்குப் போய் அழுதார். இதை ஓ.டி. எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு பக்குவமாகச் சொன்னார், நல்லவேளை. அவசரத்தில் அம்மாவிடம் குற்றம்போலச் சொல்லியிருந்தால் அந்த மனக்காயம் சுலபத்தில் ஆறியிருக்காது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும்போது கவனித்துக்கொள்கிறவரின் மனதைப் பார்த்துப் பேசுங்கள், இத்தனை மாதம் அந்த வீடு அவர் உழைப்பில்தான் நின்றது.

கூட்டி, பொருந்துகிற கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அப்பாவுக்கு வந்த சராசரி: எவ்வளவு என்பதில் 1.1, எவ்வளவு நன்றாக என்பதில் 1.6. முன்பு வலது கை செய்ததில் பெரும்பாலானதை இப்போது செய்வதே இல்லை என்று அர்த்தம்.

அந்தப் பட்டியல் அமெரிக்க வீட்டுக்கானது. சாண்ட்விச் சாப்பிடுவது, காரிலிருந்து இறங்குவது என்று வரும். நாங்கள் அதோடு எங்கள் வீட்டு வேலைகளையும் சேர்த்துக்கொண்டோம்: வேட்டி முடிச்சு, ஆட்டோ கம்பியைப் பிடித்து இறங்குவது, பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது பிடித்துக்கொள்வது, திருநீறு எடுத்து இட்டுக்கொள்வது, வாசல் கேட்டின் தாழ்ப்பாள், பாத்ரூம் மக், மெட்ரோ வாட்டர் அடி பம்ப். நாமாகச் சேர்த்ததை வைத்து வந்த எண்ணை வேறு நோயாளிகளோடோ ஆராய்ச்சிகளோடோ ஒப்பிடக் கூடாது, அப்பாவின் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள் என்றார் ஓ.டி. எங்களுக்கு அது போதும்.

சாப்பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், அதிலும் வலது கையால்தான். அப்பா ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டார். ஒரு கல்யாணத்துக்குக்கூட வரவில்லை, பந்தியில் இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்கள் என்று. சாப்பிடுவதை ஒரே வேலையாக நினைத்திருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது அது நாலைந்து வேலை. பிய்ப்பது, பிசைவது, விரல் நுனியில் சேர்ப்பது, வாய் வரை கொட்டாமல் கொண்டுபோவது, கடைசியில் கட்டைவிரலால் உள்ளே தள்ளுவது. அப்பாவுக்கு அந்தக் கடைசித் தள்ளல்தான் வரவில்லை. கை வாய் வரை வந்துவிடும், கட்டைவிரல் அசையாது, சோறு சட்டையில் விழும். அதனால் எளிதிலிருந்து ஆரம்பித்தோம்: முதலில் வாழைப்பழத் துண்டு, அப்புறம் இட்லி, அது தேறியதும் நன்றாகக் குழைந்த தயிர்சாதம், அதற்குப் பிறகு சாம்பார் சாதம். ரசம் சாதம் இன்னும் வரவில்லை. ‘சாப்பிடுகிறார் / சாப்பிடவில்லை’ என்று எழுதியிருந்தால் இந்த முன்னேற்றம் எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

இடது கை பாதித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு இடது பக்கம் வாதம் வந்தபோது எல்லோரும் “நல்லவேளை, இடது கைதானே” என்றார்கள், நானும் சொன்னேன். கால் கழுவுவது இடது கையால்தானே. அந்த அம்மா மாதக்கணக்கில் அதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த 30 வேலைப் பட்டியலில் இந்தக் கேள்வி இல்லை, யாரும் கேட்கவும் கூச்சப்படுகிறோம். பெண்களில் யாராவது தனியாக உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். காய் நறுக்கும்போது பிடிப்பது, புடவைக் கொசுவம், எல்லாவற்றிலும் இடது கை உண்டு.

சரி, வீட்டில் என்ன செய்தோம். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். 30 வேலையையும் தினமும் எழுத முடியாது, வாரத்துக்கு 6 வேலை மட்டும். நான் எனக்காக வைத்துக்கொண்ட விதி, ‘முதலில் நீண்ட கை எது?’ பொருளைப் பார்த்ததும் எந்தக் கை தானாகக் கிளம்புகிறதோ அதைக் குறிப்பேன். வலது கை கிளம்பி, பாதியில் இடது கை உதவிக்கு வந்தால் அதையும் எழுதுவேன். பார்ப்பது அப்பாவுக்குத் தெரியும், அவரிடம் சொல்லாமல் வேவு பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை, ஆனால் நோட்டை அவர் எதிரில் திறக்க மாட்டோம். நோட்டைப் பார்த்தாலே வலது கை எழுந்துவிடுகிறது, அது நமக்கு வேண்டிய பதில் இல்லை. ஆராய்ச்சிகளில் இரண்டு மணிக்கட்டிலும் அசைவை அளக்கிற கருவியைக் கட்டிவிடுவார்களாம். நடக்கும்போது கை ஆடுவதையும் அது கணக்கில் சேர்த்துவிடும் என்பதால் அதுவும் முழுப் பதில் ஆகாது.

வீட்டைக் கொஞ்சம் மாற்றினோம். தண்ணீர் டம்ளர், ரிமோட், கண்ணாடிக் கூடு மூன்றும் வலது பக்கம். அம்மா எதையும் எடுத்துக் கொடுப்பதற்கு முன் மனதுக்குள் 20 எண்ணுவார், அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு தவறும் நடந்தது: அப்பாவின் விரல்களில் சூடு சரியாக உறைப்பதில்லை என்பதை யோசிக்காமல் எவர்சில்வர் டம்ளரில் சூடான காபியை வலது பக்கம் வைத்துவிட்டேன், இரண்டு விரலில் கொப்புளம். கையை உபயோகிக்கச் சொல்வதற்கு முன் தொடு உணர்ச்சியைச் சோதித்துவிடுங்கள், அடுப்பு, கத்தி, வெந்நீர் எல்லாம் கடைசியில்தான்.

ஜூலையில் ‘எவ்வளவு’ என்பதன் எண் திடீரென்று இறங்கியது. 1.9 வந்திருந்தது, 1.3 ஆகிவிட்டது. அப்பா சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டோம். விசாரித்தால் தோள்வலி. ஆட்டோவிலிருந்து இறக்கும்போது நாங்கள் அந்தக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறோம். வாதம் வந்த பக்கத்துக் கையைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது, தோள் மூட்டைத் தாங்குகிற தசைகளுக்குப் பலம் இருக்காது. இடுப்பையோ முதுகையோ தாங்கித்தான் தூக்க வேண்டும். அன்றிலிருந்து எண் இறங்கினால் பக்கத்திலேயே காரணமும் எழுதுகிறோம்: வலி, காய்ச்சல், தூக்கமில்லை, வீட்டில் விருந்தாளிகள். ஆனால் கை திடீரென்று ஒரே நாளில் வராமல் போனால் நோட்டெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.

நல்ல கைக்கு உறை மாட்டிப் பயிற்சி கொடுக்கும் முறையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குரங்கு ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான் அது. வாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது, 2 வாரம் அந்தப் பயிற்சி எடுத்தவர்கள் நன்றாக முன்னேறினார்கள், அதை அளந்த அளவுகோல்களில் ஒன்று இதே கேள்விப் பட்டியல். ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானாக நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான் அது. நாமாக வீட்டில் கையைக் கட்டிவிடுவது ஆபத்து, தடுமாறினால் பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும். அப்பாவுக்கு ஓ.டி. சொன்னபடி, உட்கார்ந்திருக்கும்போது மட்டும், ஒரு நாளைக்கு 2 மணி நேரம். அப்புறம் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வாங்கிவந்த ரப்பர் பந்துகளை எடுத்து வைத்துவிட்டோம். அப்பாவுக்கு மூடுவதில் பிரச்சினையே இல்லை, விரல்களை விரித்துப் பிடித்ததை விடுவதில்தான் பிரச்சினை. பந்து கொண்டுவந்தவர்களைக் குறை சொல்லவில்லை, அன்போடுதான் வாங்கிவந்தார்கள்.

இப்போது எவ்வளவு என்பதில் 2.8, எவ்வளவு நன்றாக என்பதில் 2.6. சுவிட்ச் 4. வேட்டி முடிச்சு 2. எழுதுவதுதான் 1க்கு மேல் ஏறவில்லை, அப்பாவுக்கு மனதில் உறுத்திக்கொண்டிருப்பதும் அதுதான். நவம்பரில் பென்ஷனுக்கு வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும், கைநாட்டு வைக்கலாம், ஆனால் அவருக்கு அதில் விருப்பமில்லை. தினசரி காலண்டரில் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடுகிறார், வலது கையால், ஜூன் முதல் தேதியிலிருந்து. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே ஆரம்பித்தது. தேதி தாளிலேயே அச்சாகி இருக்கிறது. ஜூன் தாள்களில் வெறும் கோடு. ஆகஸ்டில் முதல் எழுத்து தெரிகிறது. எல்லாத் தாளையும் ரப்பர் பேண்ட் போட்டு டிவிக்கு அடியில் வைத்திருக்கிறார். இன்று காலை கிழித்த தாளில், பெயருக்கு அடியில் அவர் எப்போதும் இழுக்கிற அந்த வளைவுக்கோடு பாதி வரை வந்திருக்கிறது. “மீதிப் பாதி?” என்று கேட்டேன். “இன்னும் நாள் இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு, வலது கையாலேயே தாளை அந்தக் கட்டுக்குள் செருகினார்.